பாண்டியின் முகம் எந்த வரிசையில்?

உத்ரெக்ட் நகரத்துக்கு நான் வந்த புதிதில், பக்கத்து வீட்டு ஆன்ஸ் என்னைக் காப்பிக்கு அழைத்தார். அழைத்தபோது மரங்களில் இலை இருந்தது. காப்பி குடித்தபோது ஒன்றும் இல்லை. இடைப்பட்ட வாரங்களில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும், ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும்படி வாழ்ந்தோம். ஆனாலும் குறித்த தேதி வரும்வரை நான் அவர் கதவைத் தட்டவில்லை, அவரும் என் கதவைத் தட்டவில்லை. இதற்கு 'ஆஃப்ஸ்ப்ராக்' என்று பெயர். பல் டாக்டரிடம் நேரம் வாங்குவதற்கும் சிநேகிதியைப் பார்ப்பதற்கும் டச்சுக்காரர்களுக்கு இந்த ஒரு சொல்தான். அன்று அவர் வீட்டுக் கழிப்பறைக்குள் போனேன். உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு நாள்காட்டி தொங்கியது. அதில் கிழமைகள் இல்லை, தேதிகள் மட்டும். சில தேதிகளுக்குப் பக்கத்தில் பெயர்கள். புரட்டிப் பார்த்தால் ஆகஸ்டில் பென்சிலால் என் பெயர் இருந்தது. மதுரையில் ஒருவர் பெயரைக் கழிப்பறைச் சுவரில் எழுதினால் அடிதடியில் முடியும். வெளியே வந்து முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். ஆன்ஸ் சிரித்துவிட்டு விளக்கினார். சிநேகிதர்களின் பிறந்தநாளை மறக்காமலிருக்க இந்த நாட்டில் பல வீடுகளில் அங்கேதான் மாட்டிவைப்பார்களாம். தினமும் கண்ணில் படுகிற இடம் அதுதானே என்றார்.

ஆன்ஸைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவர் நல்லவர், எவ்வளவு நல்லவர் என்பது பின்னால் தெரியும். நட்பு என்றால் என்ன, அது தலைக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று இந்த ஊரில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப் போல வெளியே வந்தவர்களுக்கும் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிப்பு உண்டு. இந்த வாக்கியத்தை எழுதக் கூசும் வயதை நான் கடந்துவிட்டேன். வாசிக்கும் சொந்தக்காரர்கள் யாருக்காவது கூச்சமாக இருந்தால் அவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

எனக்கு அது வந்தது பள்ளிக்கூட நாட்களில். எங்கள் வீடு மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசல்படிக்கு உள்ளே சௌராஷ்டிரம் பேசுவோம், வெளியே தமிழ். அப்பாவுக்கு நூல் வியாபாரம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்தேன். முழித்தபோது என் கையில் பீரோ சாவிக்கொத்தைத் திணித்து, என் விரல்களை அம்மா இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இன்னொரு உறவுக்காரர், வாயில் வரும் நுரை மற்றவர்களுக்குத் தொற்றும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவிலிருந்து என் தட்டும் டம்ளரும் தனியாகின. அம்மா அழுதுகொண்டேதான் அவற்றை வேறு அலமாரியில் வைத்தாள். அழுததற்காக அவளை நான் மன்னிக்கலாம். ஆனால் தட்டு தனியாக இருந்தது இருந்ததுதான்.

நோயைவிட அதை மறைப்பது பெரிய வேலையாக இருந்தது. யார் வீட்டிலும் தங்கக் கூடாது, சுற்றுலா போகக் கூடாது, தோழிகள் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிட வேண்டும். வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். தோழிகள் மெல்ல மெல்ல வராமல் போனார்கள். வீட்டுக்குள் தனியாக இருக்க இருக்க எனக்கு அடிக்கடி வந்தது. தூக்கம் கெட்டது, பயத்தில் இன்னும் கெட்டது. எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தனியாக இருந்த அந்த வருஷங்களில் என் தலை என் வசத்தில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் சேர்ந்தேன். அப்பா மொபெட்டில் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வருவார். அங்கே என் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான் பாண்டியம்மாள். திருவாதவூர்ப் பக்கத்துப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் தாத்தா காலம்வரை அவர்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது, அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். அவள் அப்பா குத்தகைக்குப் பிடித்து உழுது, பிறகு கொஞ்சம் சொந்தமாக வாங்கியிருந்தார். பாண்டி இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டாள். "பின்னாடி தெரிஞ்சு மொகத்தத் திருப்புறதுக்கு இப்பயே திருப்பிக்கிட்டா எனக்கும் வேற பெஞ்சு பாக்க வசதியா இருக்கும்ல" என்றாள். நான் திருப்பவில்லை. ஆனால் என்னைப் பற்றி நான் அவளிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

சொல்லத் தேவையில்லாமல் போனது. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் கணக்குப் போட எழுந்தவள் அப்படியே சாய்ந்தேன். நினைவு திரும்பியபோது வகுப்பின் மறுகோடியில் எல்லோரும் சுவரோடு சுவராக நிற்பது தெரிந்தது. என் தலை பாண்டியின் மடியில் இருந்தது. அவள் தாவணியின் முனை நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்ல. விழுந்துட்ட, நான் புடிச்சேன், வாயத் தொடச்சுவிட்டேன். தண்ணி குடிக்கிறியா?"

"யாருகிட்டயும் சொல்லாத" என்று குழறினேன்.

"வகுப்பே பாத்துருச்சு. இனிமே யாருகிட்ட போயிச் சொல்ல?"

எனக்கு அழுகை வரவேண்டியது. சிரிப்பு வந்தது. அந்த நோய் வந்த பிறகு அதை வைத்து யாரும் என்னைச் சிரிக்க வைத்ததில்லை.

அதன் பிறகு அவள் விடவில்லை. வீட்டில் மருந்து என்ற பெயரில் ஏதோ லேகியம் தருகிறார்கள் என்று தெரிந்ததும் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்லூரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன பயணம். தலை முழுக்கப் பசை தடவி, அதில் ஒயர்களை ஒட்டி, ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். பேனாமுனைகள் காகிதத்தில் மேலும் கீழுமாகக் கிறுக்கிக்கொண்டே போக, காகிதம் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. மருத்துவர் ஒரு அம்மாள். நிதானமாகப் பார்த்துவிட்டு, மூளையில் இருக்கும் மின்சாரம் சில சமயம் தாறுமாறாக ஓடுகிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் வரும், தொற்று நோய் இல்லை என்றார். விழும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையில் இரும்பு கொடுக்கக் கூடாது, தனியாக விடக் கூடாது.

பாண்டி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பக்கத்துல தெரிஞ்ச ஆளு இருந்தா இந்தக் கோடு மாறுமா?"

மருத்துவர் சிரித்தார். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா. ஆனா பயமில்லாம இருந்தா தூக்கம் நல்லா வரும். தூக்கம் நல்லா இருந்தா இது கொறையும்."

"அப்ப மாறுதுன்னுதான அர்த்தம்" என்றாள் பாண்டி. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அதையே சொன்னாள். என் தலைமயிரில் பசை காய்ந்து சிக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போவதற்குள் அது போக வேண்டுமே என்று ஒவ்வொரு சிக்காக எடுத்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

அவள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாளை மறக்க முடியாது. எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அம்மா விசாரித்தாள். பாண்டி தன் வழக்கப்படி எல்லாவற்றையும் நேராகச் சொன்னாள். அம்மா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். எனக்கு என் டம்ளரில். அவளுக்கு ஒரு கண்ணாடி டம்ளரில். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கென்று பின்கட்டில் இருக்கும் டம்ளர் அது. பாண்டி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடித்தாள். எழுந்து போய்த் தானே கழுவினாள். ஈர டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, இத எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். நான் எழுந்து என் டம்ளரையும் கழுவி எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இதையும் எங்க வைக்கணும்னு கேளு. என்னோடதுக்கும் தனி அலமாரிதான்" என்றேன்.

பாண்டி திரும்பினாள். "ஒனக்குமா?"

"எனக்கும்தான். நுரை ஒட்டிக்கிருமாம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் வந்தது. அடுப்படி வாசலில் ஆளுக்கொரு டம்ளரோடு நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அம்மா எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இரண்டு டம்ளர்களையும் எல்லோருடைய பாத்திரங்களும் கவிழ்த்திருந்த பெரிய அலமாரியில் நான் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் அவை பழைய இடங்களுக்குப் போயிருந்தன. மறுபடியும் எடுத்து வைத்தேன். பல மாதங்கள் அம்மாவும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் இந்தச் சண்டையைப் போட்டோம். என் டம்ளர் முதலில் ஜெயித்தது. பாண்டியின் டம்ளருக்கு ரொம்ப நாள் ஆனது.

படிப்பு முடிந்ததும் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். புடவை மடிப்புக்குள், அதுவும் வேறு டப்பாவில் மாற்றி. பாண்டியிடம் சொன்னேன்.

"சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம்" என்றாள். "எனக்கு ஒண்ணுதான். நீ விழுந்தா புடிக்கிறதுக்கு அந்த வீட்ல ஒரு ஆளு இருக்கணும். தெரியாதவன் எப்படிடி புடிப்பான்?"

கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டு மொழியில், பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். நான் அதே மொழியில், எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது வருவது குறைவு, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே சொல்லித்தருகிறேன் என்றேன். மாப்பிள்ளை என்னை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு அவர் அம்மா எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். அவர்கள் செருப்பு மாட்டும் சத்தம் ஓய்ந்ததும் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்தத் திருவாதவூர்க்காரி சொல்லிக்கொடுத்தாளா?"

"இல்லை. இது என் வாய்."

அதற்குப் பிறகு பாண்டி எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்றார்கள். ஆனால் நான் வெளியே போகக் கூடாது என்று சொல்ல அவர்களிடம் இனி காரணம் இருக்கவில்லை. மறைக்க வேண்டியது தெருவுக்கே தெரிந்துவிட்டது. வேறு வரன்கள் வரவில்லை. ஊரார் பரிதாபப்பட்டார்கள். எனக்கோ ரொம்ப நாளாகப் பூட்டியிருந்த கதவு திறந்த மாதிரி இருந்தது. கணினிப் படிப்பு படித்தேன், பெங்களூரில் வேலை கிடைத்தது. பாண்டி ஆசிரியப் பயிற்சி முடித்து உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச நாளில் என் கம்பெனி என்னை நெதர்லாந்துக்கு அனுப்பியது.

உத்ரெக்டில் என்னைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவினர் என்னைப் போன்றவர்களைத் தேடுவதாகச் சொன்னார். தலையை ஒரு பெரிய ஸ்கேன் மெஷினுக்குள் வைத்து, பழகிய முகங்களையும் பழகாத முகங்களையும் காட்டி, மூளையில் எங்கே என்ன நடக்கிறது என்று படம் எடுப்பார்களாம். வலிப்பு உள்ளவர்களின் தலையில் நட்பு எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டேன்.

யோஹன்னா என்ற ஆராய்ச்சியாளர் என்னை உட்காரவைத்துப் பேசினார். என்னைவிட இளையவர். படபடவென்று பேசினாலும் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர். நெருங்கிய ஒருவரின் படம் கேட்டார். பாண்டியின் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பள்ளி மைதானத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம். எனக்குத் தெரிந்த டச்சில், "மெய்ன் ஃப்ரின்தின்" என்றேன். என் சிநேகிதி என்று அர்த்தம் என நினைத்திருந்தேன்.

யோஹன்னாவின் முகம் மலர்ந்தது. "சேர்ந்து வாழ்கிறீர்களா?"

"இல்லை. அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது."

"ஓ" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "வருத்தமாக இருக்கிறது."

"வருத்தம் எதற்கு? மாப்பிள்ளை நல்லவர்தான்."

சற்று நேரம் இருவரும் ஒருவரையொருவர் விழித்துப் பார்த்தோம். பிறகுதான் விளங்கியது. இங்கே அந்தச் சொல்லுக்கு 'என் காதலி' என்று பொருள். வெறும் சிநேகிதி என்றால் 'எனக்குள்ள சிநேகிதிகளில் ஒருத்தி' என்று சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும். பாண்டியைச் சிநேகிதிகளில் ஒருத்தி என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. மெய்ன் ஃப்ரின்தின் என்றே மறுபடியும் சொன்னேன். யாரும் எதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து அவர் கேட்டது, கடைசியாக நேரில் எப்போது பார்த்தீர்கள் என்று. ஊரை விட்டு வந்தபோது என்றேன். யோஹன்னா பேனாவைக் கீழே வைத்தார். இந்த ஆராய்ச்சிக்கு ஒரு விதி உண்டு. அண்மையில் நேரில் பார்த்துப் பழகியவர்கள்தான் சிநேகிதர் வரிசையில் வருவார்கள். முன்னொரு காலத்தில் பழகியவர்களுக்கு 'பெகெண்டெ' என்று வேறு வரிசை. அறிமுகமானவர் என்று அர்த்தம். அவர்களுக்கும் கீழே அந்நியர்கள். "இவர் பெகெண்டெ வரிசையில் வருவார். சிநேகிதிக்கு வேறு யாராவது? பக்கத்து வீட்டில் யாரையோ சொன்னீர்களே?"

என் காது சூடாகிவிட்டது.

"அவள் எந்த வரிசையில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்கத்தானே மெஷின் வைத்திருக்கிறீர்கள்? உள்ளே போவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்துவிட்டால் மெஷின் எதற்கு?"

"எல்லோருக்கும் ஒரே விதி இல்லாவிட்டால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட முடியாது, ஹேமா. அவர் உங்களுக்கு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நேரில் பார்த்தால்தான் நட்பு என்று விதி எழுதியவர்கள், ஊரை விட்டு வராதவர்களாகத்தான் இருக்க வேண்டும். கடல் தாண்டி வந்த ஒவ்வொருவரையும் அந்த விதி சிநேகிதரே இல்லாதவர் ஆக்கிவிடுகிறது. அப்புறம் எங்கள் தலையைப் படமெடுத்து, பாவம் இவர்கள் தனிமையில் வாடுகிறார்கள் என்று எழுதுவார்கள். என் கண்ணெதிரே ஒருமுறை, எங்கள் அடுப்படியில், அவளைத் தனி வரிசையில் வைத்ததைப் பார்த்தாயிற்று. இன்னொருமுறை, அதுவும் என் தலைக்குள்ளேயே வைக்க நானே கையெழுத்துப் போடுவதா? படத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாண்டிக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். நான் எதிர்பார்த்தது, நல்லா செஞ்ச என்ற ஒரு வார்த்தை.

"லூசாடி நீ?" என்றாள். "அவுக என்னய எந்த வரிசையில வச்சா எனக்கென்ன? நான் பாக்காத வரிசையா? அவுக வச்ச எடத்துல நான் இருந்தனா எப்பயாச்சும்?"

"அது இல்லடி..."

"நீ போயிப் படு. என் போட்டோவ எதுல வேணா போடச் சொல்லு. போயிட்டு வந்து எனக்குச் சொல்லு, உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு. ஒனக்கு ஈ.ஈ.ஜி. எடுத்தப்ப நான் கேட்டதுக்கே அந்த டாக்டரம்மா பதில் சொல்லல." பிறகு குரல் மாறியது. "வரக் கூடாதுன்னு சொன்னாங்க, ஆனாலும் ஒங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு மூட்டுவலி. ஒங்கம்மா காப்பி குடுத்தாங்க."

"எதுல?" என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சில்வர் டம்ளர்ல. அவுக எடுத்துத் தரல. நானே அடுப்படிக்குள்ள போயி எடுத்து ஊத்திக்கிட்டேன். ஒங்கம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல. சீனி போதுமான்னு கேட்டாங்க. அம்புட்டுதான்."

யோஹன்னாவிடம் திரும்பிப் போனேன். விதியை ஏற்றுக்கொண்டு வரவில்லை, விதி தப்பு என்று சொல்லிக்கொண்டே வருகிறேன் என்றேன். அவர் தலையசைத்து, அதையும் குறித்துக்கொள்கிறேன் என்றார். சிநேகிதி வரிசைக்கு ஆன்ஸிடம் படம் கேட்டேன். ஆஃப்ஸ்ப்ராக் இல்லாமல் கதவைத் தட்டித்தான் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் ஆன்ஸ், "என்னையா?" என்றார். பிறகு உள்ளே போய் நாலைந்து படங்களைப் பரப்பி, எதில் நன்றாக இருக்கிறேன் என்று வெகுநேரம் தேடினார். அந்த வரிசைக்கு அவர் தகுதியானவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மெஷினுக்குள் உலோகம் கூடாது. மூக்குத்தி கழல மறுத்தது. சோப்பு போட்டு, மூக்கு சிவந்து, ஒருவழியாகக் கழற்றினேன். தலையைக் கூண்டு மாதிரி ஒன்றுக்குள் வைத்து, இருபுறமும் பஞ்சு அடைத்து, இம்மியும் அசையாதீர்கள் என்றார்கள். உள்ளே தள்ளியதும் ஆயிரம் தகரங்களை ஒரே நேரத்தில் தட்டுவது போன்ற இரைச்சல். கண்ணுக்கு மேலே இருந்த சிறு கண்ணாடியில் முகங்கள் வந்து போயின. ஆன்ஸ் வந்தார். முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். பிறகு பாண்டி வந்தாள், உசிலம்பட்டி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. 'லூசாடி நீ' என்று அவள் சொன்னது இரைச்சலுக்கு மேலே கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. ஒலிபெருக்கியில் யோஹன்னாவின் குரல், அசையாதீர்கள் என்றது. மறுபடியும் பாண்டி. மறுபடியும் அதே சிரிப்பு. கடைசியாக வந்தபோது சிரிக்கவில்லை, கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கையை உயர்த்த முடியாது.

சில வாரங்கள் கழித்து யோஹன்னா அழைத்தார். தனி ஒருவரின் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லோருடையதையும் சேர்த்துச் சராசரிதான் பார்ப்போம் என்றார். அதோடு, தலை அசைந்த இடங்களில் படம் கலங்கிவிடும், அவற்றை நீக்கிவிடுவது வழக்கம் என்றார்.

"எதையெல்லாம் நீக்கினீர்கள்?"

"உங்கள் பெகெண்டெ வந்த எல்லா இடங்களையும். ஒவ்வொரு முறையும் அசைந்திருக்கிறீர்கள்."

விதியைப் பற்றிக் குழுவில் பேசியதாகவும், விதி அப்படியேதான் இருக்கும் என்று முடிவானதாகவும் அவர் சொன்னார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன். வெளியே வந்து அந்த மாலையிலேயே பாண்டிக்குச் சொன்னேன். அசையாமல் இருந்தால்தான் தெரியுமாம் என்றேன்.

"அப்ப அசையாத ஆளுகளாப் பாத்து எடுத்துக்கிறச் சொல்லு" என்றாள்.

அந்த மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் அது எங்களைப் போன்றவர்களின் தலைக்குள் இருப்பதையும் பார்க்கும் அளவுக்கு வளரலாம். அதுவரை என் நட்பை எந்த வரிசையிலும் வைத்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் இல்லை. இங்கே உங்களுக்குச் சிநேகிதர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், ஊரில் இருப்பவர்களையும் சேர்த்தே சொல்லுங்கள். அது பழைய கதையாயிற்றே என்றால், மறுபடியும் சொல்லுங்கள்.

போன வருஷம், வெகு நாளைக்குப் பிறகு, பஸ் நிறுத்தத்தில் விழுந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் திறமையானவர்கள். நான் மறுபடி மறுபடி ஒரே சொல்லைச் சொன்னதாகவும், அது ஏதோ பொருளின் பெயர் என்று நினைத்து என் பையைக் கவிழ்த்துத் தேடியதாகவும் பிறகு சொன்னார்கள். நினைவு திரும்பும்போது எனக்கு எல்லா மொழியும் ஒன்றாகத் திரும்புவதில்லை. முதலில் தமிழ், அப்புறம் வீட்டு மொழி, ஆங்கிலம் கொஞ்ச நேரம் கழித்து, டச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆஸ்பத்திரியில் டச்சு வந்து சேர்ந்தபோது கட்டில் பக்கத்தில் ஆன்ஸ் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போடும் கோட்டோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு.

இனி மணிக்கட்டில் ஒரு அடையாளத் தகடு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கடைத்தெருவில் எழுத்துப் பொறிக்கும் ஒருவரிடம் போனேன். முன்பக்கத்தில் என் நோயின் பெயர், ஆன்ஸின் பெயர், எண். பின்பக்கத்துக்கு நான் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்து அவர் நெற்றியைச் சுருக்கினார். இதை இங்கே யாராலும் படிக்க முடியாதே, ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இதனால் என்ன பயன் என்றார். அவர்களுக்கு இல்லை என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு, படம் வரைவது போல ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். 'ண்'னுக்கு மேலே புள்ளியை விட்டுவிட்டார். அதையும் வைக்கச் சொன்னேன். வெளியே வந்து தகட்டைக் கட்டிக்கொண்டேன். டச்சு வெளிப்பக்கம் பார்த்திருக்கிறது. தமிழ் உள்பக்கம், நாடி துடிக்கும் இடத்தில், தோலோடு ஒட்டிக் கிடக்கிறது.